வயிறு சரியில்லை என்று சொன்ன வாரம்

சாரல் தொடங்கியதும் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கடமை வந்து சேரும். எங்கெங்கோ இருந்து உறவினர்கள் குற்றாலத்துக்குக் குளிக்க வருவார்கள். குளித்துவிட்டுப் பசியோடு நம் வீட்டுக்கு வருவார்கள். என் மனைவி சிவகாமி இதற்குப் பழகியவள். எத்தனை பேர் வந்தாலும் அரிசியை அளக்கும்போது அவள் கை தயங்காது. ஆனால் இந்த ஆண்டு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அவளைக் கலக்கிவிட்டது.

எத்தியோப்பியாவிலிருந்து என் பழைய மாணவி ஹிருத் பேசினாள். இப்போது அவளும் ஒரு கல்லூரியில் ஆங்கில ஆசிரியை. திருவனந்தபுரத்தில் ஒரு கருத்தரங்குக்கு வருவதாகவும், முடிந்ததும் கொல்லம் வழியாக ரயிலில் செங்கோட்டைக்கு வந்து ஒரு நாள் எங்கள் வீட்டில் இருக்கப்போவதாகவும் சொன்னாள். தங்கலாமா என்று அவள் கேட்கவில்லை. அவள் ஊரில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வைக்கது?" என்று சிவகாமி கேட்டாள். "நம்ம சாப்பாடு அதுக்கு எறங்குமா? நீங்கதான அங்கன வருசக்கணக்கா இருந்தீக. வாயத் தொறந்து சொல்லுங்க."

காரம் தின்பாள், புளிப்பு பிடிக்கும், வருவது வெள்ளிக்கிழமை என்பதால் பால், தயிர், நெய் மட்டும் வேண்டாம் என்றேன். அவர்கள் கிறிஸ்தவர்கள்; வெள்ளிக்கிழமை அவர்களுக்கு நோன்பு, இறைச்சியும் பாலும் தொட மாட்டார்கள். சிவகாமிக்கு அது போதுமானதாக இருந்தது. அவளிடம் சொல்லாத மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் இளைய ஆசிரியர்கள் என்னிடம் வந்து எவ்வளவு ஊறுகாய் கொண்டுபோகலாம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும் இது பதிலாக இருக்கலாம்.

நான் ஆசிரியரானது பாதி வழியில்தான். அதற்கு முன் திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது, தலைப்புப் போடுவது, நீளத்தை வெட்டுவது என்று சில ஆண்டுகள் ஓடின. அங்கே செய்தி ஆசிரியராக இருந்தவர், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே ஒரு பாடம்தான் நடத்துவார். "சேதி எழுதப் போன வீட்டுல காப்பி குடிக்காதலே. குடிச்சா சேதியில சீனி கூடிரும்." கூட்டங்களுக்குப் போகும்போது குடிதண்ணீரைக்கூட அவர் கையோடு கொண்டுபோவார். பிறகு எனக்குக் கல்லூரி வேலை கிடைத்தது. பிள்ளைகளின் படிப்புச் செலவு ஏறிய காலத்தில் எத்தியோப்பியாவுக்கு விரிவுரையாளர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். போகும்போது சிவகாமி கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலும் இட்லிப் பொடியும் பெட்டியில் இருந்தன. செய்தி ஆசிரியரின் பாடம் தலைக்குள் இருந்தது.

தலைநகரிலிருந்து வடக்கே ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போனால் வரும் மலைநாட்டு ஊர் அது. யூகலிப்டஸ் மரங்கள், தகரக் கூரைகள், ஆண்டில் பாதி குளிர். மழைக்காலத்தில் நம் குற்றாலம் போலவே வெயிலும் தூறலும் கலந்து வரும். என்னோடு வேலைக்கு வந்தவர் இலத்தூர்க்காரர் பால்துரை; கணித ஆசிரியர். ஊரில் சில மைல் தொலைவில் வாழ்ந்தும் பார்த்துக்கொள்ளாத நாங்கள் அடிஸ் அபாபா விமான நிலையத்தில்தான் அறிமுகமானோம். அவர் எல்லாம் தின்பவர். நான் சைவம். அல்மாஸ் என்ற அம்மாளின் மதில் சூழ்ந்த வீட்டு வளவில் பின்பக்க அறைகள் இரண்டை எடுத்துக்கொண்டோம். அல்மாஸ் கணவரை இழந்தவர். தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பு. அவருடைய ஒரே மகள் ஹிருத் எங்கள் கல்லூரியில் அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்தாள்.

குடிபோன அன்றே அல்மாஸ் அம்மாள் எங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். மூங்கில் கூடையைக் கவிழ்த்தது போன்ற ஒரு மேசை. அதன்மேல் பெரிய வட்டத் தட்டில் இஞ்சரா. நம் ஆப்பத்தின் ஓட்டைகளையும் மூன்றாம் நாள் தோசைமாவின் புளிப்பையும் சேர்த்துக்கொண்ட ரொட்டி என்று சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும். அதன் மேலேயே குழம்புகளைக் குவித்து வைப்பார்கள். நான் சைவம் என்று கேள்விப்பட்டு, நோன்பு நாளுக்கு உரிய பருப்பு, கீரை, கடலைமாவுக் குழம்பு மட்டுமே வைத்திருந்தார். எல்லாரும் ஒரே தட்டில் கை வைத்தார்கள்.

எச்சில் என்ற சொல்லோடு வளர்ந்தவன் நான். என் பக்கத்து ஓரத்திலிருந்து மட்டும் பிய்த்துத் தின்றேன். இலையில் மீதி வைக்கக் கூடாது என்பதும் எங்கள் வீட்டுப் பழக்கம். என் பங்கைச் சுத்தமாக முடித்தேன். அவர்களுக்கோ, விருந்தாளிக்கு முன்னால் தட்டு வெறுமையாகத் தெரிந்தால் வீட்டுக்கு அவமானம். அல்மாஸ் அம்மாள் இன்னோர் இஞ்சராவை விரித்தார். அதையும் முடித்தேன். மறுபடி விரித்தார். நான் என் மரியாதையைக் காட்ட, அவர் அவருடைய மரியாதையைக் காட்ட, இடுப்பு வாரின் துளையை மாற்றும் நிலை வந்தது. பால்துரைதான் நடுவில் புகுந்தார்.

"வே, கொஞ்சம் மிச்சம் வையும். நீரு தின்னுத வரைக்கும் அந்தம்மா வச்சுக்கிட்டேதான் இருக்கும்."

மிச்சம் வைத்தேன். அல்மாஸ் அம்மாளின் முகம் தெளிந்தது. ஆனால் சாப்பாடு முடியவில்லை. அவர் ஒரு துண்டு இஞ்சராவில் பருப்பையும் கீரையையும் வைத்துப் பொட்டலம் போல மடித்து, தன் கையாலேயே என் வாய்க்கு நேராக நீட்டினார். குர்ஷா என்று அதற்குப் பெயர். விருந்தாளிக்கு அன்பைக் காட்ட ஊட்டிவிடுவது. பொட்டலம் பெரிதாக இருந்தால் அன்பும் பெரிது என்று கணக்கு; ஒன்றோடு நிறுத்தவும் கூடாது. நான் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். ஹிருத் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாயத் தொறயும் வே," என்றார் பால்துரை தன் வாய் நிறைய. "கோயில்ல பூசாரி திருநீறு போட்டா நீரு கையிலயா வாங்குவீரு?"

திருநீறு நெற்றிக்கு, வாய்க்கு அல்ல என்று திருத்த அப்போது நேரமில்லை. வாயைத் திறந்தேன்.

அதன்பின் அது வழக்கமாயிற்று. பணம் கொடுக்கப் பார்த்தோம். அல்மாஸ் அம்மாள் அதை வாடகையோடு மட்டும் நிறுத்திக்கொண்டார். சாப்பாடு முடிந்ததும் காப்பி. பச்சைக் கொட்டையை நம் கண்முன்னே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் கொண்டுவந்து காட்டி, இடித்து, மண்கூஜாவில் கொதிக்கவைத்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றோடு எழுந்து போகிறவன் ஏதோ கோபத்தில் போகிறான் என்று பொருள். அந்த மூன்று சுற்று நேரத்தில் ஹிருத் வானொலியில் கேட்ட ஆங்கிலச் செய்தியை எங்களுக்குச் சொல்வாள். தங்குதடையில்லாமல் சொல்வாள். ஆனால் வகுப்பில் எழுதச் சொன்னால் ஒரு வாக்கியம் எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள், அழிப்பாள். தாளில் ஓட்டை விழும், வாக்கியம் விழாது.

எங்கள் துறைத் தலைவரை எல்லாரும் அத்தோ முலுகேட்டா என்பார்கள். அத்தோ என்றால் திரு. ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் இரண்டு முனையும் சீவிய பென்சில் ஒன்று எப்போதும் இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்த வேண்டிய இடத்தில் இன்னும் தாழ்த்துவார். அதைக் கேட்க நாங்கள் குனிய வேண்டியிருக்கும். தேர்வு முடிவுக் கூட்டத்தை அவர் நடத்தும் முறை தனி. துறை அறையிலேயே காப்பிக்கொட்டை வறுபடும். இரண்டாம் சுற்று முடியும்வரை மதிப்பெண் பற்றி யாரும் பேசக் கூடாது. பசியோடும் அவசரத்தோடும் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்யக் கூடாது என்பது அவர் கட்சி.

முடிவு செய்ய வேண்டியது சிறிய விஷயமல்ல. முதலாண்டில் ஆங்கிலத்தில் தவறினால் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள். துறைத் தலைவர் பரிந்துரைத்தால் ஒரே ஒரு மறுதேர்வு உண்டு. அதிலும் தவறினால் வீடுதான். ஹிருத்துக்கு வீடு என்றால் அம்மாவின் தையல் இயந்திரம். அல்மாஸ் அம்மாள் அதைச் சொல்லி என்னிடம் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. கேட்காததே எனக்குக் கனமாக இருந்தது.

ஆண்டுத் தேர்வு நெருங்கியது. ஹிருத்தின் தாளைத் திருத்த வேண்டியவன் நான். நெல்லையில் கேட்ட பாடம் காதில் ஒலிக்கத் தொடங்கியது. அல்மாஸ் அம்மாளின் மேசையில் தினமும் உட்கார்ந்து தின்றுவிட்டு அவர் மகளின் தாளை எப்படிப் பார்ப்பேன்? அன்று மதியம் ஹிருத் கூப்பிட வந்தபோது, நம் ஊரில் பந்திக்குப் போக மனமில்லாதவர்கள் எல்லாரும் சொல்வதைச் சொன்னேன்.

வயிறு சரியில்லை.

நம் ஊரில் இதைக் கேட்டவுடன் யாரும் வயிற்றைப் பற்றி யோசிப்பதில்லை. அப்படியா, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். மறுப்பவருக்கும் கூப்பிட்டவருக்கும் கௌரவம் குறையாத ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு எத்தியோப்பியாவில் செல்லாது என்பது எனக்கு அன்று மாலை தெரிந்தது.

முதலில் அல்மாஸ் அம்மாள் வாற்கோதுமைக் கஞ்சியோடு வந்தார். அடுத்த வீட்டுக்காரி ஆளிவிதை அரைத்த பானம் கொண்டுவந்தாள். எதிர்வீட்டுப் பெரியவர் தேனும் இஞ்சியும் கொடுத்துவிட்டு, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் தேவாலயத்திலிருந்து புனித நீர் வந்தது. அதற்கடுத்த நாள் தெருமுனைக் கசாப்புக் கடைக்காரர், நான் இறைச்சி தின்பதில்லை என்பதால் தன் தொழிலில் கொடுக்க ஒன்றுமில்லையே என்று வருந்தி, வீட்டில் சுட்ட ரொட்டியைக் கொடுத்தனுப்பினார். நோயாளியோடு தங்கியிருப்பவர் பத்தியம் முறிக்கக் கூடாது என்று பால்துரைக்கும் கஞ்சியே வந்தது.

"உமக்கு வயிறு சரியில்லன்னா நான் ஏன்வே கஞ்சி குடிக்கணும்?" என்று அவர் கொதித்தார். "அந்தப் பக்கம் ஆட்டுக்கறி வாசம் வருது. நான் இங்கன மடக் மடக்குன்னு இதக் குடிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு பொய் சொல்லுதீருன்னா கூட இருக்கவன்ட்ட கேட்டுட்டுச் சொல்லக் கூடாதா?"

நோய் பார்க்க அத்தோ முலுகேட்டாவும் வந்தார். ஜன்னல் திட்டில் வரிசையாக நின்ற மண்சட்டிகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நோய் என்ன என்று கேட்டார்.

"ஹிருத்தின் தாள்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை நகர்த்திப்போட்டு உட்கார்ந்தார். குரல் இன்னும் தாழ்ந்தது. "நீங்கள் அந்த வீட்டில் சாப்பிட்டதை ஊர் பார்த்திருக்கிறது. நிறுத்தியதையும் பார்த்திருக்கிறது. இனி அவள் தேறினாலும் பேசும், தவறினாலும் பேசும். சாப்பாட்டை விட்டதால் உங்களுக்கு என்ன கிடைத்தது?"

கஞ்சி என்றேன். அதற்கு மட்டும் அவர் உதடு லேசாக அசைந்தது.

வழி அவரே சொன்னார். என் வகுப்பின் விடைத்தாள் கட்டை அவர் எடுத்துக்கொள்வார். அவருடைய கட்டை நான் திருத்துவேன். பெயர் எழுதும் மூலையை மடித்துத் தைத்துவிடுவார்கள். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து மேசையில் இரண்டு கோடு கிழித்து, கோடுகள் குறுக்காகப் போவதைக் காட்டினார். பிறகு எழுந்து, நாளைக்கு நீங்கள் குணமாகிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் குணமானேன். அல்மாஸ் அம்மாள் எதுவும் கேட்காமல் தட்டை வைத்தார்.

தேர்வு நடந்தது. தாள்கள் திருத்தப்பட்டன. கூட்டத்தில் இரண்டாம் சுற்றுக் காப்பி முடிந்ததும் அத்தோ முலுகேட்டா கோப்பைத் திறந்து வாசித்தார். ஹிருத் சில மதிப்பெண்களில் தவறியிருந்தாள். தாளின் கடைசிப் பகுதி காலியாக இருந்தது என்று மட்டும் சொன்னார். பிறகு மறுதேர்வுக்குப் பரிந்துரைக்கலாமா என்று என் பக்கம் திரும்பினார்.

நான் அந்த வீட்டில் சாப்பிடுகிறவன், என் கருத்தைக் கேட்கக் கூடாது என்றேன்.

"அதனால்தான் கேட்கிறேன்," என்றார். "இந்த அறையில் மற்றவர்கள் அவள் தாளை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்."

பத்திரிகையில் பழகிய முறையிலேயே பதில் சொன்னேன். கருத்து எதுவும் சேர்க்கவில்லை. அவள் வானொலிச் செய்தியை வாயால் சொல்வது, எழுதும்போது அழித்து அழித்து நேரம் போவது, தாளில் ஓட்டை விழுவது: கண்டதை மட்டும் சொன்னேன். அவர் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். மறுதேர்வு கிடைத்தது. அதன் கேள்வித்தாளுக்கும் திருத்தத்துக்கும் நான் அருகில் போகக் கூடாது என்று நிபந்தனை.

முடிவுகளைப் பலகையில் ஒட்டிய அன்று நேராக வீட்டுக்குப் போகவில்லை. கடைத்தெருவைச் சுற்றிவிட்டுப் போனேன். மேசையில் தட்டு இருந்தது. ஹிருத் அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் கை வைக்கவில்லை. யார் திருத்தினார்கள் என்பதை நான் சொல்ல முடியாது. அது துறையின் ரகசியம். நான்தான் தவறவைத்தேன் என்று அல்மாஸ் அம்மாள் நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அல்மாஸ் அம்மாள் இஞ்சராவைப் பிய்த்தார். பருப்பு வைத்தார், கீரை வைத்தார், மடித்தார். என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"தாள் அவள் எழுதியது. சாப்பாடு நான் சமைத்தது. வாயைத் திறங்கள்."

முதல் நாள் தந்ததைவிட அது பெரிதாக இருந்தது. மென்று முடிக்க நேரமாயிற்று; அதுவரை பேச வேண்டியிருக்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. எனக்கு இரண்டாவதைத் தந்துவிட்டு, அதே கையால் மகளுக்கும் ஊட்டினார். அவளும் தின்றாள்.

மறுதேர்வுவரை காப்பி நேரத்தில் வேறு வேலை நடந்தது. நான் துணையாசிரியனாகச் சேர்ந்தபோது எனக்கு நடந்ததை அவளுக்குச் செய்தேன். பென்சிலையும் அழிப்பானையும் வாங்கிவைத்துக்கொண்டு பேனாவைக் கொடுத்தேன். வானொலியில் கேட்டதை மூன்றாம் சுற்று ஊற்றுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். தப்பாக இருந்தால் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போக வேண்டும். முதல் வாரம் அவளுக்கு என்மேல் கடுங்கோபம். அல்மாஸ் அம்மாள் மகளுக்கு உதவியாக மூன்றாம் சுற்றை மெதுவாக ஊற்றுவார், அதையும் கண்டித்தேன். ஹிருத் தேறினாள். அன்று நோன்பு இல்லாத நாள். ஆனாலும் மேசையில் என் பக்கம் முழுவதும் நோன்புச் சாப்பாடாகவே இருந்தது. பால்துரையின் பக்கம் ஒரு முழுக் கோழி.

ஒப்பந்தம் முடியும்வரை அந்த வளவிலேயே இருந்தோம். பிறகு ஊருக்குத் திரும்பி, இங்கே ஒரு கல்லூரியில் சில ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றேன்.

சென்ற வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஹிருத் செங்கோட்டையில் இறங்கினாள். அழைத்துவர இலத்தூரிலிருந்து பால்துரையும் வந்திருந்தார். காலையில் குற்றாலத்தில் குளித்தாள். சிவகாமி கூடவே போயிருந்தாள். மதியம் இலை போட்டோம். பால், தயிர், நெய் வேண்டாம் என்றதும் சிவகாமி யோசித்துத் தேர்ந்தது சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி வேகவைத்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கும். ஹிருத் இலையைத் துடைத்தது போலத் தின்றாள். மீதி வைக்காமல் தின்பதுதான் எங்கள் மரியாதை என்று அவளுக்கு என்னைப் பார்த்தே தெரியும். சிவகாமி மறுபடி வைத்தாள். அவள் அதையும் முடித்தாள். சிவகாமி மறுபடி வந்தாள்.

ஹிருத் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள்: "அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். உங்கள் வயிறு இப்போது எப்படி இருக்கிறது?"

அவள் சிரித்த விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"முதல் நாளே. வயிறு சரியில்லை என்று என்னிடம் சொன்னீர்கள். கொஞ்ச நேரத்தில் கடைத்தெருவில் வறுத்த கடலை தின்றுகொண்டு போனீர்கள். தெருவே பார்த்தது."

பிறகு எதற்கு அத்தனை கஞ்சி என்றேன்.

"எங்கள் மேசைக்கு வரக் கூடாது என்று நீங்கள் ஏதோ சட்டம் வைத்திருக்கிறீர்கள், அதை வெளியே சொல்ல உங்களால் முடியவில்லை என்று அம்மா சொன்னாள். நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது, அதையே கொடுப்போம் என்றாள். தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்தவளும் அவள்தான்."

பால்துரை சாப்பிடுவதை நிறுத்தினார். "அப்ப எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சேவா எனக்கும் கஞ்சி ஊத்துனாங்க?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும், அது நண்பனின் பொய்க்குத் துணை போனதற்கு என்றாள் ஹிருத். அதற்குள் சிவகாமி சொதிப் பாத்திரத்தோடு அவள் இலைக்கு நேரே வந்து நின்றாள். பால்துரை சொன்னது தவிர எங்கள் பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில். சிவகாமிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஹிருத் இலையின் மேல் இரண்டு கையையும் விரித்து, என்னிடம் மெதுவாக, எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லுங்கள் என்றாள்.

நான் சிவகாமியிடம் சொன்னேன்.

சிவகாமி, வழித்துத் தின்ற இலையைப் பார்த்தாள். ஹிருத்தின் முகத்தைப் பார்த்தாள். "வயித்துக்கு முடியலையா? அத முன்னாலயே சொல்லக் கூடாதா," என்று உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் குழைந்த சோறும் மறு கையில் சுடச்சுட ரசமும் இருந்தன.

"ரசஞ்சோறு ஒண்ணும் செய்யாது. கொஞ்சம்போலத்தான் வைக்கேன். கைய எடுக்கச் சொல்லுங்க."

ஹிருத் என்னைப் பார்த்தாள். பிறகு கைகளை எடுத்துக்கொண்டாள்.